கொரியன் புல் வழக்கு

மீமிசல்
8.4.2024
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

மதிப்பிற்குரிய திரு. நல்லதம்பி அவர்களுக்கு,

நான் மீமிசல் கலைமதி. தை மாதம் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் நீங்கள் செம்மண் அடித்து, கொரியன் புல் பதித்து, ஓரத்தில் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் அரளியும் வைத்துக் கொடுத்தீர்கள். அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போயிருந்ததால் நாம் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. போனில் இரண்டு முறை பேசியிருக்கிறோம்.

புல் முழுவதும் செத்துவிட்டது. மாசி பிறக்கும்போது சமையலறைப் பக்கம் மஞ்சளானது. பங்குனி நடுவில் வாசல் கேட்டு வரைக்கும் வைக்கோல் நிறமாகிவிட்டது. இட்லிப்பூ இலை ஓரம் கருகி உதிர்ந்தது. நந்தியாவட்டை குச்சியாக நிற்கிறது. அரளி மட்டும் நன்றாக இருக்கிறது.

வேலை முடிந்த பிறகு இரண்டு முறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். ஒரு முறையும் வரவில்லை. நான் பதினோரு முறை போன் செய்தேன். மூன்று முறை எடுத்து, "வாரேம்மா, அடுத்த வாரம்" என்றீர்கள். எனக்குப் போனில் கோபமாகப் பேச வராது. "சரிங்க" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதற்குப் புல் என்று நீங்கள் நினைக்கலாம். என் அம்மா செவந்தி முப்பது வருடமாகக் கருவாடு போடுகிறார். என் பட்டமளிப்பு விழாவுக்குப் புதுக்கோட்டைக்கு வந்தபோது, கல்லூரிப் புல்தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்றுவிட்டார். வாட்ச்மேன் விசிலடித்து இறக்கிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது அந்த விசில்தான். வேலை கிடைத்து ஒன்றரை வருடம் சேர்த்து வைத்துத்தான் உங்களை அழைத்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் தாங்கள் வந்து பார்த்துச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தங்கள் மீது மனு தாக்கல் செய்வேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடைசி வரி கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். அப்படித்தான் எழுத வேண்டுமாம்.

இப்படிக்கு,
மு. கலைமதி


திருவரங்குளம்
20.4.2024

மேடம் அவர்களுக்கு,

நல்லதம்பி எழுதுவது. உங்கள் பதிவுத் தபாலை டீக்கடையில் வைத்துத்தான் தபால்காரர் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது சுற்றிப் பத்துப் பேர். "என்னண்ணே, கோர்ட்டு ஓலையா?" என்று ஒருத்தன் கேட்டான். இல்லடா, பொண்ணு வீட்டுச் சம்மதக் கடுதாசி என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தாறு வருடமாகத் தோட்டம் போடுகிறேன். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், திருமயம் பக்கம் செட்டியார் வீடுகள் என்று என் புல் இல்லாத இடம் இல்லை. நல்லதம்பி வைத்த புல் செத்தது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள், அதுவும் முத்திரை ஒட்டி.

தப்பு உங்கள் தண்ணீரில் இருக்கும். கடலோர ஊர். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், தெரியும். நான் கிளம்பும்போது உங்கள் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "அக்கா, காலைல ஒரு தண்ணி, சாயந்தரம் ஒரு தண்ணி. மீன் கழுவுற தண்ணிய சும்மா கீழ கொட்டிராதீங்க, புல்லுக்கு ஊத்துங்க, அதவிட ஒரம் கெடையாது." அவர்களும் தலையாட்டினார்கள். ஊற்றினார்களா என்று கேளுங்கள். இந்த ஊரில் கண்மாய் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியே என் வீட்டுப் புல் மெத்தை மாதிரி கிடக்கிறது. சொன்னதைச் செய்யாமல் விட்டுவிட்டு, செடி வைத்தவன் மேல் கேஸ் போடுவது என்ன நியாயம்?

வரவில்லை என்கிறீர்கள். வண்டி ரிப்பேர். சொல்லிவிட்டேன்.

கேஸ் போடுவதென்றால் போடுங்கள். பதிவுத் தபாலுக்குப் பதிவுத் தபாலில்தான் பதில் போட வேண்டுமாமே, அதனால் இதையும் அப்படியே அனுப்புகிறேன்.

நல்லதம்பி


மீமிசல்
6.5.2024

மதிப்பிற்குரிய திரு. நல்லதம்பி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். மூன்றாவது முறை அந்தச் சம்மதக் கடுதாசி இடத்தில் கொஞ்சம் சிரித்தேன்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியதும், நாங்கள் புல்லுக்குப் பாய்ச்சும் குழாய்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்களிடம் போர் கிடையாது, கூட்டுக் குடிநீர்தான். அறிக்கையின் நகல் இத்துடன் இருக்கிறது. தண்ணீரில் குறை இல்லை.

அம்மாவிடமும் கேட்டேன். "அந்த அண்ணன் சொன்னதுலேருந்து ஒரு நாள் தப்பாம ஊத்துறேன்டி" என்றார். உண்மைதான். காய்ச்சலில் படுத்த அன்றும் எழுந்து போய் ஊற்றியதாக அப்பா சொல்கிறார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். அம்மாவுக்கு விசைப்படகு மீன்தான் வரும். படகு கடலுக்குப் போகாததால் மூன்று வாரமாகக் கழுவுவதற்கு மீன் இல்லை. வெறும் குழாய்த் தண்ணீரைத்தான் விடுகிறார். "ஒரம் இல்லாம எப்புடிப் பொழைக்கும்?" என்று செத்த புல்லுக்காகக் கவலைப்படுகிறார். ஆகவே உங்கள் சொல்லைக் கேட்கவில்லை என்று எழுதியது சரியில்லை.

மே 3ஆம் தேதி மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன். சொல்லிவிடுவது முறை என்று எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது இ-சேவை மையத்தில். பட்டா மாறுதலுக்கும் உதவித்தொகைக்கும் ஒரு நாளைக்கு இருபது பேருடைய விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்கிறேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தது இதுதான் முதல் முறை. அடித்துவிட்டு அழித்தேன். பக்கத்து இருக்கை சத்யா அக்கா, "ஒம் பேரு ஒனக்கே மறந்துருச்சா?" என்றார். மறுபடி அடித்தேன்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பத்தடி புல்லுக்கு ஒரு கோர்ட்டா? ஒலகத்துல வேற கேஸே இல்லையா?" என்கிறார். ஆனால் தாக்கல் செய்யப் போன அன்று பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, ஏறின பிறகு ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மு. கலைமதி


திருவரங்குளம்
22.6.2024

கலைமதி அம்மாவுக்கு,

ஆணையத்திலிருந்து நோட்டீசு வந்துவிட்டது. ஜூலை 18 காலை பத்தரைக்கு ஆஜராக வேண்டுமாம். என்னை எதிர்மனுதாரர் என்று போட்டிருக்கிறது. நான் யாருக்கும் எதிராக இருந்ததில்லை அம்மா. என் வீட்டுக்காரி சொர்ணவல்லி அதை வாங்கிப் படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உங்கள் தண்ணீர் அறிக்கையைத் தெரிந்த ஒரு விவசாய ஆபீசரிடம் காட்டினேன். "தண்ணி அருமையான தண்ணி. மண்ணு எங்கேருந்து எடுத்தீங்க?" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையை எழுதுகிறேன். எப்போதும் எடுக்கிற இடத்தில் அன்று மண் கிடைக்கவில்லை. லாரிக்காரன், "இன்னொரு எடம் இருக்கு, செங்கச் சூளைக்குப் பக்கத்துல, நல்ல செவப்பு" என்றான். நிறத்தைப் பார்த்தேன், ஏற்றச் சொல்லிவிட்டேன். கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஏதோ இருந்திருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, வண்டி ரிப்பேர் என்று எழுதியது பொய். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு வேறு வேலை இல்லை. ஒரே ஒரு வீட்டுக்காக எழுபது கிலோமீட்டர் போய் வரணுமா என்று இருந்துவிட்டேன். அதுதான் நிஜம். நீங்கள் ஒவ்வொரு முறையும் "சரிங்க" என்று வைத்ததால் அவ்வளவு அவசரமில்லை போல என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வக்கீல் வைக்கப்போவதில்லை. 18ஆம் தேதி வந்து, தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு சின்னக் கேள்வி மட்டும். புல் எந்தப் பக்கம் முதலில் போனது? மண்ணில் தப்பென்றால் எல்லாப் பக்கமும் ஒன்றாகப் போயிருக்க வேண்டுமே என்று ராத்திரி படுத்தால் யோசனை ஓடுகிறது. தோட்டக்காரன் புத்தி, விடமாட்டேன் என்கிறது. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

நல்லதம்பி


மீமிசல்
6.7.2024

நல்லதம்பி ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஜூன் 26 கிடைத்தது. பத்து நாளாக இந்தப் பதிலை எழுதுகிறேன். ஏழு தாள் கிழித்தாயிற்று.

முதலில் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. சத்யா அக்காவிடம் காட்டினேன். "எதிர்த்தரப்பே ஒத்துக்கிட்டா ஒரே வாய்தாவுல முடிஞ்சுரும்டி, நீ ஜெயிச்சுட்ட" என்றார். நான் இதுவரை எதிலும் யாரையும் ஜெயித்ததில்லை. பள்ளியில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் நின்று திரும்பி வந்தவள். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை நானே கவனித்தேன்.

உங்கள் சின்னக் கேள்விதான் என்னைக் கெடுத்தது.

புல் சமையலறைப் பக்கம்தான் முதலில் போனது என்று முன்பே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை எழுதவில்லை. அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மே கடைசியில் கோடை மழை பெய்தது. ஜூன் முதல் வாரம் கேட்டுப் பக்கம் அங்கங்கே பச்சையாக முளை கட்டியிருந்தது. ஒரு விரல் நீளம் இருக்கும். அம்மா குந்தி உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிந்தது. படகுகள் போயின, மீன் வந்தது. ஜூன் கடைசியில் அந்த முளைகளும் கருகிவிட்டன.

உங்கள் மண் கெட்ட மண் என்றால் அந்த முளை வந்திருக்கவே கூடாது அல்லவா?

ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் அம்மா கொல்லைப்புறம் உப்புத் தொட்டியிலிருந்து மீனை அள்ளி அலசிப் பாயில் போட்டார். அலசிய தண்ணீரைக் குடத்தில் பிடித்தார். இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை ஓரமாக வந்து, புல் மேல் அலுங்காமல் பரப்பி ஊற்றினார். பிறகு இன்னொரு குடம்.

நான் போய் அந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஐயா, கடல் தண்ணீர் தோற்றுவிடும்.

"இதத்தான் தெனமும் ஊத்துறியாம்மா?" என்றேன். "பின்ன? அந்த அண்ணன் சொன்ன தண்ணிதான். வாட ஆரம்பிச்சதும் நான்தான் இன்னம் ரெண்டு கை கல்லுப்பு சேத்துக் கரைச்சு ஊத்துனேன். உப்புல மீனே அழுகாம ஆறு மாசம் கெடக்குது, இத்தினிப் புல்லு கெடாதா?" என்றார்.

அம்மாவுக்கு உப்பு என்றால் கெடாமல் காப்பாற்றுகிற பொருள். முப்பது வருடமாக அதுதான் அவர் தொழில். புல்லைக் காப்பாற்றத்தான் ஊற்றியிருக்கிறார்.

நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும், நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவீர்கள், எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் உங்கள் கடிதத்தில் சோறு இறங்கவில்லை என்ற வரி கண்ணில் பட்டது.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். மீன் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். நாங்கள் மீனை என்ன செய்கிறோம் என்று கேட்கவில்லை. வாசலுக்குள் நுழைந்தாலே கருவாட்டு வாசனை வருமே! வருவதாகச் சொன்ன இரண்டு தடவையில் ஒரு தடவை வந்திருந்தாலும் அந்தக் குடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கலைமதி


திருவரங்குளம்
11.7.2024

கலைமதி அம்மாவுக்கு,

கடிதத்தை சொர்ணவல்லிதான் வாசித்தாள், என் கண்ணாடி உடைந்திருக்கிறது. கல்லுப்பு சேர்த்து என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் இருமிவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு மூன்று மாதத்துக்குச் சேர்த்து என்னைத் திட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

அரளி மட்டும் நன்றாக இருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அரளி உப்பைத் தாங்கும். அந்த ஒரு வரியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கோபத்தில் படித்தால் எழுத்து தெரியாது போல.

உங்கள் கோபம் நியாயம். கேட்டிருக்க வேண்டும். வாசனையும் வந்தது. ஆனால் எங்கள் ஊரில் மீன் கழுவினால் கண்மாய் மீன், அதில் உப்புக்கு எங்கே போவது? என் வீட்டை மனசில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் பேசிவிட்டேன். வராமல் இருந்ததும் என் தப்பு. அதனால் 18ஆம் தேதி வருவேன். மனுவை நீங்கள் திரும்பப் பெற்றாலும் வருவேன்.

மண்ணை மீட்டுவிடலாம். மேல் மண்ணில் நாலு விரல் கனம் வழித்து எடுத்துவிட்டு, ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி மூன்று நான்கு முறை வடிய விட வேண்டும். மழை நாலு பெய்தால் இன்னும் நல்லது.

ஆனால் உங்கள் வேண்டுகோளை என்னால் ஏற்க முடியாது. தண்ணீர் ஊற்றுகிற கைக்குத் தெரியாமல் எந்தத் தோட்டமும் நிற்காது அம்மா. மறுபடி வைத்தால் மறுபடி ஊற்றுவார்கள். வேறு ஏதாவது பொய் சொல்லிக் குடத்தை நிறுத்தலாம். ஒரு வாரம் நிற்கும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

நல்லதம்பி


மீமிசல்
15.7.2024

நல்லதம்பி ஐயாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று சாயந்தரம் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உதவுவது போல மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எதிரெதிராக நின்றதால் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அம்மா நான் நினைத்த மாதிரி அழவில்லை. பாயைச் சுருட்டி முடித்து, கட்டி, சுவரோரம் நிறுத்திய பிறகுதான் பேசினார்.

"அப்ப அந்தாளு மேல தப்பில்ல."

"கொஞ்சம் இருக்கும்மா. வரேன்னு சொல்லிட்டு வரல."

"அதுக்கு ஏசலாம். கேசு எதுக்கு?" என்றார். பாய் விரித்த இடத்தைப் பெருக்கிக்கொண்டே, "அவரு மேல அங்கிட்டுப் போய் எழுதிக் குடுத்தியே, எம்மேல எங்கிட்டுப் போய் எழுதிக் குடுப்ப?" என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "எழுதட்டும், நான் சாட்சி சொல்றேன்" என்றார். அம்மா கையிலிருந்த துடைப்பத்தை அவர் பக்கம் வீசினார். படவில்லை. அதன் பிறகு வீடு சாதாரணமாகிவிட்டது.

ஆனால் ராத்திரி சாப்பிடும்போது, "எம் புள்ளைக்காகப் பச்சைய வச்ச எடத்துல நானே உப்பக் கொட்டிட்டேனே" என்று ஒரு தடவை சொன்னார். எங்கள் வீட்டில் யார் யாருக்காகப் புல் வைத்தார்கள் என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

18ஆம் தேதி அம்மாவும் வருகிறாராம். வேண்டாம் என்றேன். "நீ வாயத் தொறக்க மாட்ட, அந்தாளு பாவம், நான் வந்து சொல்றேன்" என்கிறார். நான் வாயைத் திறப்பேன் என்று சொன்னேன். ஐயா, திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

கலைமதி


திருவரங்குளம்
21.7.2024

கலைமதி பாப்பாவுக்கு,

இனி மேடமும் கிடையாது, அம்மாவும் கிடையாது. நேரில் பார்த்த பிறகு வேறு எப்படி எழுதுவது? பதிவுத் தபாலில் மிரட்டிய ஆள் எப்படியும் ஐந்தே முக்கால் அடி உயரம் இருப்பாள், மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வாசலில் தேடினேன். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்ற பிள்ளையைத் தாண்டி இரண்டு முறை போய் வந்தேன். உங்கள் அம்மாதான் "அண்ணே, இங்கிட்டு" என்று கூப்பிட்டார்கள்.

நீங்கள் பேசியதை வீட்டில் வந்து மூன்று முறை சொல்லிவிட்டேன். சொர்ணவல்லிக்கு மனப்பாடம். முதலில் சத்தமே வரவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார்கள். நீங்கள் ஃபைலை மேசை மேல் வைத்தீர்கள். வைத்த பிறகுதான் குரல் வந்தது. "புல் செத்ததுக்குக் காரணம் இவர் இல்லை, எங்க வீட்டு உப்புத் தண்ணி. எனக்கு அது மனு போட்ட பிறகுதான் தெரிஞ்சது." ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. நான் உடனே எழுந்து, இல்லைங்க, அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னதே நான்தான், வந்து பார்க்காததும் நான்தான் என்றேன். பின்னாலிருந்து உங்கள் அம்மா எழுந்து, "அய்யா, உப்பப் போட்டது நான்" என்று கையைத் தூக்கினார்கள்.

"இங்க எதிர்மனுதாரர் மூணு பேர் இருக்காங்க, மனுதாரரைத்தான் காணோம்" என்று மேடையில் இருந்த ஆணையத் தலைவர் சொன்னாரே, அதை இன்று டீக்கடையில் சொன்னேன். போன தடவை சிரித்தவர்களேதான் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும்.

சமரசமாக எழுதிக் கையெழுத்துப் போட்டபடி நான் கூலி வாங்காமல் மறுபடி வைத்துத் தருகிறேன்; புல்லும் செடியும் உங்கள் செலவு. ஆறு மாதம், மாதம் ஒரு தடவை வர வேண்டும் என்று நீங்கள் எழுதச் சொன்னீர்கள். இரண்டு தடவை என்று மாற்றியது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்.

ஆடிப் பெருக்கு கழிந்ததும் மண் வழிக்க வருகிறேன்.

நல்லதம்பி


திருவரங்குளம்
28.10.2024

கலைமதி பாப்பாவுக்கு,

போன ஞாயிறு அங்கு வந்திருந்தபோதே கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது. கூச்சம் உங்கள் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது போல.

என் நாற்றங்காலுக்கு ஆவணியில் ஒரு மோட்டார் வாங்கினேன். இரண்டே மாதம், தண்ணீர் ஏறவில்லை. கடைக்காரரிடம் போனால், "மோட்டார்ல தப்பே இருக்காது, நாங்க வருஷக்கணக்கா விக்கிறோம், உங்க கரண்டுலதான் கோளாறு" என்கிறார். வந்து பாருங்கள் என்றால், "வாரேன், அடுத்த வாரம்" என்கிறார். பாப்பா, நான் உங்களுக்கு எழுதியதை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு மனு எழுதித் தர முடியுமா? உங்கள் கையால் கேஸ் வாங்கியவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்தக் கடைசி வரி, கடுமையாக இருந்தால் மன்னிக்கவும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு ரொம்பக் குத்திய வரி அதுதான்.

நல்லதம்பி


மீமிசல்
4.11.2024

அன்புள்ள நல்லதம்பி ஐயாவுக்கு,

எழுதித் தருகிறேன். கடந்த ஒரு மாதத்தில் இது எனக்கு நான்காவது மனு. சத்யா அக்கா யாரிடமோ சொல்லியிருக்கிறார். கிரைண்டர், கட்டில், பிரிட்ஜ் என்று மையத்துக்கு ஆட்கள் என்னைக் கேட்டு வருகிறார்கள். "கேசு போட்டு ஜெயிச்ச புள்ள நீதானேம்மா?" என்கிறார்கள். ஜெயிக்கவில்லை என்று விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்பதாக இல்லை.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. புல் கேட்டிலிருந்து சமையலறை வரை பிடித்துவிட்டது. அம்மா இப்போது யாரையும் ஒரு சொட்டு ஊற்ற விடுவதில்லை. நேற்று அன்புச்செல்வி அத்தை கை கழுவ வந்தவர் டம்ளர் தண்ணீரை ஓரமாகக் கொட்டப் போனார். அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மனுவுக்கு முன்னால் சில விஷயம் தெரிய வேண்டும். மோட்டாரை யார் பொருத்தினார்கள், கடைக்காரர் ஆளா, நீங்களேயா? கிணற்றில் இப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது? ஓடிய அந்த இரண்டு மாதத்தில் அதற்கு என்னென்ன செய்தீர்கள்? சாதாரணமாகச் செய்வதுதான் என்று எதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். எழுபது கிலோமீட்டர்தானே. அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். மோட்டாரை அவரும் பார்ப்பாராம்.

பார்த்துவிட்டு, தப்பு கடைக்காரருடையது என்றால் அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். உங்களுடையதாக இருந்தால் அதையும் சொல்வேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கலைமதி